படங்கு ஒட்டிய மோட்டார்

மோட்டார் தொண்ணூற்றொரு பாகை காட்டியது. யசோதினி முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். வெப்பமானியின் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். தொண்ணூற்றைந்து. ரிமோட்டில் பறக்கும் அந்தச் சின்ன ஹெலிகொப்டர் தரையிறங்கி அரை நிமிடம் ஆகியிருக்கும், இறக்கைகள் நின்றுவிட்டன. ஆனாலும் சூடு ஏறிக்கொண்டேதான் இருந்தது.

"எவ்ளோ?" என்றான் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியிருந்த சஜீவன்.

"தொண்ணூத்தஞ்சு. இன்னும் ஏறுது."

"ரெண்டு நிமிஷந்தானே பறந்துச்சு. அதுவும் நூல் கட்டாம, நின்ன எடத்துலயே."

அவளுடைய பயமும் அதுதான். தொண்ணூறைத் தாண்டினால் இறக்கிவிட வேண்டும் என்பது பண்டாரவளை மாலை வகுப்பில் இருவரும் சேர்ந்து படித்த பாடம். நூற்றிருபதுக்கு மேல் போனால் உள்ளேயிருக்கும் காந்தம் பலமிழக்கும், கம்பிச் சுருளின் பூச்சு கருகும். அப்புறம் அந்த மோட்டார் பழைய இரும்புக்குத்தான் போகும்.

மூன்று நாளைக்கு முன் பெய்த மழையில் மண் சரிந்து, அப்புத்தளைக்குக் கீழேயிருந்த தேயிலைத் தோட்டத்தின் பாலத்தையும் பாதையையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு. அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பதினெட்டுக் குடும்பங்கள் அகப்பட்டிருந்தன. யசோதினியின் அக்கா ஜெயந்தினியும் அவளுடைய இரண்டு மாதக் கைக்குழந்தையும் அவர்களோடுதான். அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. நேற்றிலிருந்து பிள்ளைக்கு வெறும் கஞ்சித் தண்ணீர். பாதை திறக்க இன்னும் நான்கு நாளாவது ஆகும் என்றார்கள்.

இந்தப் பக்கத்தில் கோதுமை மாவும் அரிசியும் பால்மாவும் மூட்டை மூட்டையாக வந்து கிடந்தன. அவற்றைக் கொண்டுபோக வழியில்லை. பள்ளத்தின் அகலம் இருநூற்றைம்பது மீற்றர். ஒரு நைலோன் நூல் அக்கரை போய்ச் சேர்ந்தால் போதும். நூலின் வாலில் கயிற்றைக் கட்டி இழுக்கலாம், கயிற்றில் கூடையை ஓட்டலாம். கல்யாண வீடியோ எடுக்கும் ட்ரோன் ஒன்று காலையில் முயன்று பார்த்து, காற்றை எதிர்த்து நூலை இழுக்க மாட்டாமல் பள்ளத்தில் விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஷிராஸின் ஹெலிகொப்டர் ஒன்றுதான்.

ஷிராஸ் பண்டாரவளையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு ஹெலிகொப்டரைக் கொண்டுவருவார். சஜீவன் ஓட்டுவான், யசோதினி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மோட்டாரின் சூட்டை அளந்து கொப்பியில் எழுதுவாள். அவள் எழுதும் எண்களில் பாதிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும். சரியான இடத்தில் பிடித்தேனா, வெயில் பட்டதா என்று தீராத சந்தேகம். இது கொப்பியா, சோதனைப் பேப்பரா என்று சஜீவன் கேலி செய்வான்.

இன்று அவன் கேலி செய்யவில்லை. சார்ஜ் ஏற்றிய பட்டறி இன்னும் ஒன்றுதான் இருந்தது. சரிவோடு தோட்டத்தின் கரண்டும் போயிருந்தது. டவுனுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வருவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிடும். இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

"ஒரு வாளி தண்ணி ஊத்துவமா?" என்றார் நூல் கண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாடசாமி. "சட்டுனு ஆறிரும்."

"வேணாம் மாமா. சூட்டோட நனைஞ்சா கெட்டுப்போகும்."

"அப்ப சாம்பிராணி போட்ட மாதிரி சுத்தி நின்னு பாத்துக்கிட்டே இருப்போமா?"

ஷிராஸ் அவள் பக்கத்தில் வந்து குந்தினார். "எரிஞ்சா எரியட்டும் தங்கச்சி, அத நெனச்சு யோசிக்காத. ஆனா நடுவுல எரிஞ்சிரக் கூடாது. வேற மோட்டார் எனக்கிட்ட இல்ல."

யசோதினி கொப்பியைப் புரட்டினாள். போன மாதம் ஒரு பக்கம். ஒரே நாள், ஒரே வெயில். நின்ற இடத்தில் இரண்டு நிமிடம்: எழுபத்தெட்டு. ஓட்டமாக இரண்டு நிமிடம்: அறுபத்தொன்று, பக்கத்தில் கேள்விக்குறி. ஓடினால் சூடு குறையுமா என்று அன்றைக்கு அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. அது இருக்கட்டும், இன்றைக்கு இந்தக் குளிரில் எழுபத்தெட்டு எப்படித் தொண்ணூற்றொன்றாகும்?

அவள் கண் ஹெலிகொப்டரின் முன்பக்கக் கூட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது.

கூட்டின் இரு பக்கத்துக் காற்றுத் துளைகளையும் பச்சை நிறப் பிளாஸ்டிக் துண்டுகள் மூடியிருந்தன. காலையில் அவள்தான் ஒட்டினாள். ஒரு முறை மூட்டத்தின் ஈரம் உள்ளே போய் எல்லாம் அணைந்துபோனது அவள் மனதில் இருந்தது. அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது நனையாமலிருக்க இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் படங்கிலிருந்து ஒரு முழம் வெட்டி ஒட்டிவிட்டாள். மாடசாமி மாமாதான் டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். மழையில் இறங்கும் எதையும் படங்கு சுற்றாமல் அனுப்பிப் பழகாத ஆட்கள். ஒருத்தருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நல்ல யோசனை பிள்ள என்றுகூடச் சொன்னார்கள்.

"தப்பு என்னோடது," என்றாள். பச்சைத் துண்டைத் தொட்டுக் காட்டினாள். "காத்துப் போற ஓட்டய நாந்தான் அடைச்சிருக்கேன். அதான் உள்ளுக்குள்ளயே வேகுது."

ஒரு பட்டறி வீணாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மாடசாமி கண்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, தானே படங்கைப் பிய்த்தார். "நானுந்தானே டேப்பு குடுத்தேன்," என்றார் யாரையும் பார்க்காமல்.

"ஈரம் பட்டா அணைஞ்சிருமே," என்றான் சஜீவன்.

"மூட்டம் வர முந்திப் போயிரணும். எங்கயும் நிக்காத. நின்னா சூடு கூடும், ஓடுனா காத்துப் பட்டு கொறையும்."

"வேகமாப் போனா நூலு அறும். மெதுவாப் போனா மோட்டாரு வேகும். எவ்ளோ நேரத்துல போகணும்? கணக்கா சொல்லு."

இருநூற்றைம்பது மீற்றர், செக்கனுக்கு ஐந்து மீற்றர் என்று அவள் வாய்க்குள் வகுத்துப் பார்த்தாள். "அம்பது செக்கன்."

"கேள்விக்குறியோடயா, இல்லாமயா?"

யசோதினி அக்கரையைப் பார்த்தாள். லயத்துக் கூரைகளுக்கு முன்னால் ஆட்கள் நிற்பது புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"இல்லாம," என்றாள்.

மோட்டார் நாற்பத்தைந்துக்கு வரும்வரை அவள் விடவில்லை. ஷிராஸ் தகரத் தட்டால் விசிறினார். எழுபது. அறுபத்திரண்டு. மேலே மலை விளிம்பில் சவுக்கு மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வந்தன. "போதும் பிள்ள, விடுங்க," என்றார் மாடசாமி. ஐம்பத்தொன்று. "இருங்க மாமா." நாற்பத்தெட்டு. முதல் வரிசை மரங்களைக் காணவில்லை. நாற்பத்தைந்து.

"விடு."

ஹெலிகொப்டர் நூலோடு எழும்பிப் பள்ளத்தின்மேல் சாய்ந்து ஓடியது. மாடசாமியின் கையில் கண்டு கிறுகிறுவென்று சுழன்றது. யசோதினி ஒரு காதில் போனையும் கண்ணெதிரே கைக்கடிகாரத்தையும் பிடித்திருந்தாள். போனில் அக்கா.

"பத்து. இருவது."

இருபத்தெட்டாவது செக்கனில் மூட்டம் இறங்கியது. வெள்ளைக்குள் ஹெலிகொப்டர் கரைந்துபோனது. சத்தம் மட்டும் மிஞ்சியது. அந்தச் சத்தமும் கனத்து, ஒரே இடத்தில் நின்றது.

"நிக்காத சஜீ."

"தெரியலடி, எங்க போறது?"

"அக்கா, சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?"

"லயத்துக்கு நேராத்தான் கேக்குது. கீழ."

"நேராப் போ. கொஞ்சம் ஏத்திப் போ."

சஜீவன் ரிமோட்டின் குச்சிகளைப் பெருவிரல்களால் முன்னே தள்ளினான். கண்டு மறுபடி சுழன்றது. நாற்பது. ஐம்பது. ஐம்பத்தைந்து. அவள் சொன்ன கணக்குத் தாண்டிவிட்டது. அக்கரையிலிருந்து வந்த இரைச்சல் மெலிந்தது, இழுத்தது, நின்றது. கண்டும் நின்றது.

போனில் நாய் குரைப்பு. யாரோ ஓடுகிற சத்தம்.

"கொழுந்துச் செடி மேல கெடக்கு," என்றாள் ஜெயந்தினி. "பொகையுது. கிட்டப் போகப் பயமா இருக்கு."

"நூல்? நூல் இருக்கா?"

"அத்தான் புடிச்சிட்டாரு. கையில சுத்திக்கிட்டு நிக்கிறாரு."

மாடசாமி கண்டை லேசாக இழுத்துப் பார்த்தார். அக்கரையிலிருந்து யாரோ திரும்ப இழுத்தார்கள். அவர் கயிற்றின் நுனியை எடுத்து நூலில் முடிச்சுப் போடத் தொடங்கினார். ஷிராஸ் தகரத் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மூட்டத்தைப் பார்த்தபடி, "என்னத்த செய்ய, நல்ல மோட்டாரு," என்றார்.

"அக்கா, அது மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாக்கச் சொல்லுங்க. கைய வைக்க வேணாம்."

"எதுக்குடி இப்ப?"

"சும்மா. சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல் வந்தது. "ரொட்டி சுடுற தாச்சில தண்ணி தெளிச்ச மாதிரி, ச்சொய்ங்னு போயிருச்சாம்."

அப்படியானால் நூறுக்கு மேல். எவ்வளவு மேல் என்று இனித் தெரியப்போவதில்லை. யசோதினி கொப்பியைத் திறந்து பேனாவை எடுத்தாள். அதற்குள் கயிறு அவள் காலடியில் அசைந்தது. சுருள் சுருளாக அவிழ்ந்து பள்ளத்தின் பக்கம் ஓடத் தொடங்கியது.

"பிள்ள, அங்க சிக்குது, புடி," என்று கத்தினார் மாடசாமி.

அவள் கொப்பியைப் பால்மா மூட்டையின்மேல் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.