அக்காவின் நீலக்கல்

என் கொழுந்தன் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்ததுமே எனக்குச் சுருக்கென்றது. இது அக்காவின் கல் இல்லை.

நிறக்கல் கடை நடத்துகிறவள் நான். நீலமென்றால் எல்லாம் ஒரே நீலம் என்று நினைக்கிற ஆளில்லை. என்ன நிறம், அதில் இருட்டு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிற கண் இது. நான் அனுப்பியது அழுத்தமான நீலம். வந்திருப்பதோ துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி இருந்தது.

"என்னப்பா இது?"

"அதே கல்லுதான் அண்ணி."

"யாருகிட்ட காது குத்துற?"

கல்லுக்குப் பட்டை தீட்டுவது அவன் தொழில். பட்டறையில் அவனும் சாணைச் சக்கரமும்தான். எதை எதோடு மாற்றினான் என்று யார் கண்டது? புதுசாக வண்டி வேறு வாங்கியிருக்கிறான். அது என் மண்டையைக் குடைந்தது.

அம்மா அக்காவுக்குக் கொடுத்த மோதிரத்துக் கல் அது. அதன்மேல் எனக்கு ஒரு கண் உண்டென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தன் மகளுக்குப் போட, வேறு மோதிரத்தில் பதித்துத் தரச் சொல்லி அக்கா கொடுத்திருந்தாள். பழைய மோதிரத்தின் அடிப்பக்கம் மூடியிருந்தது. கழற்றிய பிறகுதான் கல்லின் அடிமுனையில் சில்லு பெயர்ந்திருப்பது தெரிந்தது. முனையைத் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லி இவனுக்கு அனுப்பினேன். "அண்ணி, அந்த முனையில ஒரு விஷயம்..." என்று போனில் ஆரம்பித்தான். கடையில் கூட்டம். "கதையெல்லாம் அப்புறம். சொன்னதைச் செய்" என்று வைத்துவிட்டேன்.

"இப்போ அக்கா வர்றா. அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? மரியாதையா கல்லை எடு. இல்லேன்னா உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்."

"லென்ஸ்ல பாத்துட்டு அப்புறம் திட்டுங்க அண்ணி." நடிப்பென்றே நினைத்தேன்.

பார்த்தேன். ஒரு கல்லுக்குள் இருக்கிற தடம் இன்னொன்றில் அப்படியே இருக்காது. அக்காவின் கல்லில் ஓரமாகக் கைரேகை மாதிரி ஒரு தடம், நடுவில் ஒரு கரும்புள்ளி. இதிலும் அதே தடம், அதே புள்ளி.

அவன் வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் பக்கவாட்டில் போட்டான். கல் முழுக்க நிறமே இல்லை. முனையில் மட்டும் நூலளவு நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மொத்த நீலமும் அந்த முனையிலதான் அண்ணி இருந்துச்சு. அதுதான் மேல பூரா நிறமா தெரிஞ்சுது. தேய்ச்சா போயிடும்னுதான் அன்னிக்குப் போன்ல சொல்ல வந்தேன்."

"மன்னிச்சுக்கப்பா" என்றேன். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்கா வந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். லென்ஸை நீட்டினேன், கிண்ணத்தைக் காட்டினேன். அவள் எதையும் வாங்கவில்லை. கல்லை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள்.

"சத்தியமா அதே கல்லுதான்க்கா."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடி" என்றாள்.