ரெண்டு சீட்டுக் கார்

மெக்கானிக் காலையிலிருந்தே ஓர் இடத்தில் உட்காரவில்லை. உட்கார முடியுமா பின்னே! ஏழு வருஷமாகக் கண் வைத்திருந்த கார் இன்றைக்குக் கைக்கு வரப்போகிறது. இங்கிலாந்தில் செய்த பழைய பச்சைக் கார். ரெண்டே சீட்டு, மேலே மடக்கிவிடுகிற துணிக்கூரை. அந்த மாதிரி இன்னொன்றை அவன் இத்தனை வருஷத் தொழிலில் பார்த்ததே இல்லை.

சொந்தக்காரர் ஒரு கணக்கு வாத்தியார். ரிட்டயரானதும் கூரையைத் திறந்துவிட்டு, மனைவியைப் பக்கத்தில் வைத்து ஏரிச் சாலையில் ஓட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. ரிட்டயரான வருஷம், எதற்கும் பார்த்துவிடு என்று இவனைக் கூப்பிட்டார். இவன் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டினான். எங்கே தட்டினாலும் கணீரென்றது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் யாரோ பழைய கீறலைப் பட்டிப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். அங்கே தட்டினால் ‘தொப்’. வாத்தியார் குனிந்து காது கொடுத்தபோது, பாவி, அந்த இடத்தையே நாலு தரம் தட்டினான்.

“அடிச்சட்டமே துருப்பிடிச்சு உளுத்துப்போச்சுண்ணே. ஓடுறப்பவே ரெண்டா மடங்கிரும். அக்காவை ஏத்திராதீங்க. பேசாம எனக்குக் குடுத்திருங்க.”

வாத்தியார் கொடுக்கவில்லை. மனைவியை ஏற்றவும் இல்லை. கொட்டகையில் நிறுத்திப் போர்த்திவிட்டார். இவனா விடுவான்? மாசம் தவறாமல் போய் எஞ்சினை ஓடவிட்டு வந்தான். நாளைக்குத் தன் வண்டியாயிற்றே! அந்த வீட்டில் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பார்வை போய்விட்டது. “இனிமே யாருக்குக் காட்டப்போறேன், நீயே எடுத்துக்கோ” என்று போன வாரம் வாத்தியார் போன் செய்தார்.

இன்றைக்குக் கொட்டகையில் சாவியைக் கொடுத்தவர் இவன் கையை விடவில்லை. “நீ மட்டும் அன்னிக்குச் சொல்லலேன்னா நானே அவளைக் கொன்னிருப்பேன்டா. உனக்குக் கோயில்தான் கட்டணும்.”

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். “சட்டத்துக்கு ஒண்ணுமில்லண்ணே,” என்றான். “அன்னிக்கும் ஒண்ணுமில்ல. கார் மேல இருந்த ஆசையில பொய் சொல்லிட்டேன்.”

வாத்தியார் இவன் பையிலிருந்த சுத்தியலை எடுத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தாமே தட்டினார். கணீர். இன்னோர் இடம். கணீர். எழுந்திருக்க இவன் நீட்டிய கையைத் தொடவில்லை. அறையப்போகிறார் என்று இவன் காத்திருந்தான். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவரோ கூரையை மடக்கிவிட்டு, உள்ளே போய் மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார்.

“எனக்கு இப்பல்லாம் வண்டி ஓட்டக் கை வர்றதில்ல. நீ ஓட்டு. ஏரி வரைக்கும் போய்ட்டு வாங்க.”

“நீங்க வரலியா?” என்றாள் அக்கா.

“ரெண்டு சீட்டுதானே,” என்று கதவைச் சாத்தினார்.

ஏரிச் சாலையில் காற்று அவள் நரைமுடியைக் கலைத்தது. சின்னப் பிள்ளையாட்டம் சிரித்தாள். “சட்டத்தைச் சரி பண்ணிட்டியாமே தம்பி! இப்பத்தான் அவர் சொன்னார். நல்லா இருப்பே.”

காட்டிக்கொடுக்கவில்லை மனுஷன். இவனுக்குக் கூசியது.

“ஏரி எந்தப் பக்கம்?”

“உங்க பக்கம்தான்கா.”

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “எப்படி இருக்கு, சொல்லேன்.”

சொல்ல வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது. ரோடே தெரியாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

அக்கா பதறிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் நிறுத்திட்டே? சட்டமா?”

“இல்லக்கா. வண்டி நல்லாத்தான் இருக்கு.”

நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் வீடு வந்து சேர்கிறவரை அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.