ஓட்டைக் கணக்கு

...கையெழுத்துதானே, நாலு மணிக்கு டாக்டர் திரும்பி வருவதற்குள் ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டால் முடிந்தது, நாளைக் காலையில் ஆபரேஷன், குடலின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் கட்டியோடு ஆசனவாயையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தைத்து மூடிவிடுவார்கள், வயிற்றின் இடது பக்கம் ஒரு துளை போட்டுக் குடலை அங்கே கொண்டுவந்து திறந்து வைப்பார்கள், அதன் மேல் ஒரு பை, சாகும்வரை... சாகும்வரை என்று டாக்டர் சொல்லவில்லை, 'நிரந்தரமா சார்' என்றார், நாசூக்கான மனுஷன். மூன்று நாளாக அந்தச் சம்மதத் தாள் என் மடியில் கிடக்கிறது. போடாவிட்டால்? 'ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒண்ணரை.' சீ, வயிற்றில் பையை ஒட்டிக்கொண்டு வகுப்பில் போய் நிற்பதா, பாதிப் பாடத்தில் அது சத்தம் போட்டால் கடைசி பெஞ்சு சும்மா விடுமா?

இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பெஞ்சைச் சிரிக்க வைத்ததே இதை வைத்துத்தானே. டோரஸ், அதாவது நடுவில் ஓட்டை வைத்த வடை வடிவம், அந்தப் பாடத்தன்று காற்றடித்த சைக்கிள் டியூபைத் தூக்கிக் காட்டுவேன்... இதை இழுக்கலாம், நசுக்கலாம், நெளிக்கலாம், வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, அப்புறம் இது எந்த வடிவத்துக்குப் போனாலும் நமக்குக் கவலையில்லை, ஓட்டை எத்தனை என்பதுதான் கேள்வி, ஊசியும் கைப்பிடி வைத்த கப்பும் ஒன்றுதான், நீங்களும் அதேதான்டா, வாயில் தொடங்கிப் பின்பக்கம் முடியும் ஒரு குழாய், அதைச் சுற்றிக் கொஞ்சம் சதை... வகுப்பே உருளும். ஒருத்தி மட்டும் எழுந்து, 'அப்ப மூக்கு, சார்? அதையும் சேர்த்தா எண்ணிக்கை கூடுமே?' என்றாள். கெட்டிக்காரி.

சரி, போட்டுப் பாரேன் வாத்தியாரே உன் கணக்கை. கீழே மூடுகிறார்கள், வயிற்றில் திறக்கிறார்கள். குழாய் ஒன்று, ஓட்டை ஒன்று, வாசல் மட்டும் ஒன்றிரண்டு சாண் மேலே. நாளைக்கும் நீ அதே டோரஸ்தான், நிரூபணம் முடிந்தது... அப்புறம் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை? வடிவம் முக்கியமில்லை என்று இத்தனை வருஷம் என்ன தைரியத்தில் சொன்னேன்? பயமாக இருக்கிறது. சாவை நினைத்து இல்லை, என் மனைவியை நினைத்து. இந்தப் பையோடு அவள் பக்கத்தில் படுக்க வேண்டும், அவள் முகம் சுளிக்கமாட்டாள், சுளிக்காமல் இருக்கப் பாடுபடுவாள், அதைப் பார்ப்பதைவிடப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அவள் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள், வேலைக்குப் போன நேரம் தவிர மூன்று நாளாக இந்த அறையில்தான் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். காலையில்கூட, 'ஏங்க, பழைய வீட்டுல தெற்கு வாசலை அடைச்சுட்டுக் கிழக்கே திறந்து குடுக்கறேன், அங்க யாரும் குடித்தனம் பண்ணலையா?' என்றாள். 'நான் வீடு இல்ல' என்று எரிந்து விழுந்தேன். கோடு போடப் போய்விட்டாள், பாவம்.

'வெயில் உங்க மூஞ்சில அடிக்குது' என்று இப்போது எழுந்து திரையை இழுக்கக் கையை உயர்த்துகிறாள், மேல்சட்டை ஏறிக்கொள்கிறது, வயிற்றின் இடது பக்கம் தோல் நிறத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டு தொங்குகிறது, ஒரு பை, பாதி தண்ணீரோடு. 'என்ன அது?' அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். 'நர்ஸ்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கினேன். எப்படி இருக்குன்னு பாக்கத்தான்... முந்தாநாள்லேர்ந்து.' முந்தாநாளா? வேலைக்குப் போய் மாடி ஏறி இறங்கினாளே, நேற்று மத்தியானம் இந்தக் கட்டிலிலேயே என்னை ஒட்டிப் படுத்துத் தூங்கினாளே, என் கை அவள் மேல்தானே கிடந்தது... 'அரிக்குதுங்க. முதல் நாள் ஒரு தரம் ஒழுகிடுச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல' என்கிறாள், கொத்தனாரிடம் சுவரின் குறையைச் சொல்கிற அதே குரலில். அழுதுவிடுவேன் போலிருக்கிறது. 'கழட்டிடும்மா.' 'நீங்க போட்டுக்கற அன்னைக்குக் கழட்டறேன்.' திரும்பிப் போய் உட்கார்ந்து வேலையைப் பார்க்கிறாள், நான் அவளையே பார்க்கிறேன், தாளை எடுக்கிறேன், பேனாவைத் தேடுகிறேன்... முகம் சுளிக்கப்போகிறவள் இவள் இல்லை என்றால், இந்த மூன்று நாளும் நான் யாருடைய முகத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன்?