துண்டுக்கடியில் ஒரு பேரம்

காளியண்ணனின் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவருடைய வலது காலுக்குத் தனிக் கட்டில். கால் ஜன்னலோரம். காளியண்ணன் கதவோரம். இதில் ஆஸ்பத்திரியில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

காலையில் டீம் வரும். எலும்பு டாக்டர், மயக்க டாக்டர், முதியோர் டாக்டர், நடை பழக்கும் பிசியோ, சிஸ்டர் ஜெசிந்தா. அத்தனை பேர் கையும் ஒரே பச்சைத் துண்டுக்கடியில் இருக்கும். வாயைத் திறக்காமல், ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே நோயாளியைப் பேசி முடிப்பார்கள். மாட்டுச் சந்தையில் அப்படித்தான் பேரம் நடக்கும். காளியண்ணன் ஆயுசு முழுக்க மாட்டுத் தரகர். அவருக்கு இது புதுசில்லை. புதுசில்லை என்பதால்தான் பயமாக இருந்தது.

டீமில் ஓர் ஆள் கூடினால் வராந்தா ஒரு கட்டில் நீளம் வளரும். அதன் கோடியில் மகள் மரகதம் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வந்துகொண்டிருந்தாள். முதியோர் டாக்டர் சேர்ந்தபோது அவள் முகம் தெரிந்தது. பிசியோ சேர்ந்தபோது சேலை நிறம் மட்டும். இப்போது கட்டைவிரல் உயரம்தான்.

"ஏம்மா, எம் பொண்ண உள்ள விடக்கூடாதா?"

"அவங்க நடந்துட்டுத்தான் இருக்காங்க ஐயா," என்றாள் சிஸ்டர். "வந்து சேரல."

பிசியோ காலைத் தட்டிக்கொடுத்தார். கால் கூச்சத்தோடு எழுந்து ஓரடி வைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள், துண்டுக்கடியிலேயே.

"கால் அருமையாத் தேறுது," என்றார் எலும்பு டாக்டர்.

"நானுங்க?"

"உங்களப் பத்தி டீம் இன்னும் பேசல."

முதியோர் டாக்டர் குனிந்தார். "வாயத் திறங்க." பல்லைப் பார்த்தார். பல் பார்த்த மாடு அதே கட்டுத்தறியில் நின்று காளியண்ணன் கண்டதில்லை.

"ஒரு உருப்படிதான் வீட்டுக்குப் போகும்," என்றார் மயக்க டாக்டர். "காலா, ஐயாவா, இப்பவே முடிக்கணும்."

காளியண்ணன் யோசிக்கவில்லை. துண்டுக்கடியில் கையை விட்டார். உள்ளே அத்தனை ஆட்களுக்கும் இருக்க வேண்டியதை விட விரல்கள் அதிகம் இருந்தன. ஒரு கை ஈரமாக இருந்தது.

தனக்கு வேண்டிய மாட்டை எந்தத் தரகனும் புகழமாட்டான். கரித்துக்கொட்டுவான். காளியண்ணனுக்கு வேண்டியது காளியண்ணன். அதனால் விரல்களை அழுத்தித் தன்னைக் கரித்துக்கொட்டினார். கிழடு. பாரம் இழுக்காது. தின்னும், இருமும். இதக் கட்டிவெச்சு என்னங்க பண்ணப்போறீங்க, அவுத்து விடுங்க.

கால்? என்று ஒரு விரல் கேட்டது.

தன்மேல் உள்ள ஆசையைக் காட்டிவிடக்கூடாதே என்று, வேண்டாத காலைப் புகழ்ந்தார். சுழி சுத்தம், ஒரு குத்தமில்லை. நல்ல நடை. நீங்களே வெச்சுக்கலாம்.

விரல்கள் அடங்கின. இவ்வளவு சுளுவாக ஒரு பேரம் அவருக்குப் படிந்ததே இல்லை. எலும்பு டாக்டர் துண்டை உருவினார். துண்டை உருவிவிட்டால் முடிந்தது. அப்புறம் அந்தச் சாமியே வந்தாலும் பேச்சில்லை.

"நியாயமாப் பேசினீங்க," என்றார் டாக்டர். "கால் வீட்டுக்குப் போகட்டும்."

"ஐயோ, இல்லீங்க! வாங்கறவன் பேசற மாதிரி பேசினேனுங்க!"

"வாங்கறவங்க அங்க நிக்கறாங்க ஐயா." சிஸ்டர் வராந்தாவின் கோடியைக் காட்டினாள். "எல்லாம் கேட்டுட்டாங்க."

கால் இறங்கி நடந்தது. அதற்கு வராந்தா நீளவில்லை. மரகதம் குனிந்து அதற்குச் செருப்பை மாட்டினாள். "மெதுவா வாங்கப்பா," என்றாள். இன்னொரு செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தூக்குப்போசிக்குள் போட்டு மூடினாள்.

"மரகதம்!"

கால் நின்றது. திரும்பவில்லை. மறுபடி நடந்தது.

எலும்பு டாக்டர் பச்சைத் துண்டைக் காளியண்ணன் தோளில் போட்டார்.

"இவ்வளவு விவரமான ஆள விட முடியுங்களா? இனி நீங்களும் டீம்."

வராந்தா ஒரு கட்டில் நீளம் வளர்ந்தது.