வெள்ளாற்றுப் பாலத்தில் நூற்று நாற்பத்தாறு

புவனகிரி வட்டத்துக் குடிமக்களுக்கும், வெள்ளாற்றின் இரு கரையிலும் பயிர் செய்வோருக்கும், பாலத்தின் வழியாகச் சிதம்பரம் போகிற வருகிற பேருந்துப் பயணிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதத்தில், மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை பூவராகனின் வீட்டில் ஒரு மேதை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

பதினேழு வருஷமாக அதே வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்தான், சுவாதி. யாரும் அளந்து பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

அளந்தது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் புதிதாகத் திறந்திருந்த மூளைவள மையம். ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த மகளைப் பூவராகன் அங்கே அழைத்துப்போனார். கட்டத்தைக் காட்டி, முக்கோணத்தைக் காட்டி, அடுத்து வரும் எண் எது என்று ஒரு மணி நேரம் கேட்டார்கள். முடிவைச் சொல்லும்போது டை கட்டிய இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐ.க்யூ. நூத்தி நாப்பத்தாறு சார். உங்களுக்கும் எனக்கும் நூறு இருந்தாலே பெரிசு."

இப்பேர்ப்பட்ட மூளையை ஊரில் வைத்திருப்பது நாட்டுக்கே நஷ்டம் என்றும் சொன்னார். சென்னையில் அவருக்குத் தெரிந்த விடுதி ஒன்று இருந்தது. ஒரு வருஷம் அங்கேயே தங்கி ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கலாம். பூவராகன் அன்றைக்கே முன்பணம் கட்டாத குறை.

சுவாதிக்கு வேறு எண்ணம். ஏழாம் வகுப்பில் பிச்சாவரத்துக்குச் சுற்றுலா போனபோது சேற்றில் ஒரு நண்டைப் பார்த்தாள். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிசு. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. பக்கத்து நண்டுக்குப் பெரிய கொடுக்கு இடது பக்கம், இதற்கு வலது பக்கம். ஏன் என்று டீச்சரைக் கேட்டாள். டீச்சர் லைஃப் ஜாக்கெட்டை ஒழுங்காகப் போடச் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு விலங்கியல்தான். சிதம்பரத்தில் கல்லூரி, தினமும் பஸ், சனி ஞாயிறு பிச்சாவரம். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"நண்டு பாக்கறதுக்கு நூத்தி நாப்பத்தாறு எதுக்குடி?" என்றார் பூவராகன்.

"நண்டு ஆச அஞ்சு வருசமா இருக்குப்பா. நூத்தி நாப்பத்தாறு போன செவ்வாக்கெழமதான வந்துது."

பதில் சொல்ல முடியாத கேள்விக்கு அப்பாக்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். மச்சானைக் கூப்பிட்டார்.

மச்சான் இளவரசு, சுவாதியின் தாய்மாமன், சிதம்பரத்தில் டிஜிட்டல் பேனர் கடை வைத்திருப்பவர். நம் பக்கத்தில் ஒரு காரியம் பேனரில் ஏறாதவரை அது நடந்ததாகக் கணக்கில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, டிராக்டர் வாங்கியது எல்லாம் பேனர் ஏறியபிறகே உண்மையாகின்றன. இளவரசு வடிவமைத்ததில், கூலிங் கிளாஸ் போட்டு காதில் செல்போன் வைத்த இளவரசு முக்கால்வாசி. மேதை மூலையில் ஒரு வட்டத்துக்குள் இருந்தாள்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் அதைப் பார்த்த சுவாதி குறையே சொல்லவில்லை.

"மாமா, ஐ.க்யூ.ன்னா பஸ்ல போறவங்களுக்கு என்னா புரியும்? அத எடுத்துட்டு நம்பர மட்டும் பெருசாப் போடுங்க. எடம் மிச்சமாவும். உங்க போட்டோவும் இன்னும் கொஞ்சம் பெருசா வரும்."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. 'நூற்று நாற்பத்தாறு பெற்ற புவனகிரியின் அறிவுச் சுடரே!' என்று பாலத்தின் முகப்பில் பேனர் ஏறியது. எண் ஆள் உயரம். அன்று காலைதான் ப்ளஸ் டூ முடிவுகள் வந்திருந்தன.

மே மாதத்துத் தமிழ்நாட்டில் எண் என்றால் அது ஒன்றே ஒன்றுதான்: இருநூறுக்கு எவ்வளவு கட்-ஆஃப். நூற்றுத் தொண்ணூற்றைந்து என்றால் கும்பிடுவார்கள். நூற்று நாற்பத்தாறு என்றால் ஆறுதல் சொல்வார்கள். பேருந்துகள் பாலத்தில் மெதுவாகப் போயின. ஜன்னலோரத்தில் தலைகள் அனுதாபத்தோடு ஆடின.

ஃபுட் வால்வு வாங்க வந்த கொளஞ்சிதான் முதலில் துக்கம் கேட்டவர்.

"வுடு மாமா. நூத்தி நாப்பத்தாறும் ஒரு மார்க்குதான? அதுக்கும் பேனர் வச்ச பாரு, அந்தத் தைரியம் எவனுக்கு வரும்?"

"யோவ், அது மார்க் இல்லய்யா. ஐ.க்யூ. மூளைய அளக்கறது."

"அளந்துமா நூத்தி நாப்பத்தாறு?"

"நல்ல நம்பர்யா அது!"

"எரநூத்துக்குத்தான?"

"எதுக்கும் இல்ல. அது பாட்டுக்கு நூத்தி நாப்பத்தாறு."

கொளஞ்சி இழவு வீட்டில் நடப்பதுபோல ஓசையில்லாமல் வால்வை எடுத்துக்கொண்டு போனார்.

சுவாதியின் உண்மையான கட்-ஆஃப் நூற்று எண்பத்தொன்பது. பூவராகன் அதை எல்லாரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல, மனுஷன் பாவம் மறைக்கப் பார்க்கிறார் என்று ஊர் இன்னும் உருகியது. சாயங்காலம் அவர் மனைவி மகேஸ்வரி கோயிலிலிருந்து பாதியில் திரும்பி வந்தாள்.

"எதுத்த வூட்டுப் பொன்னியக்கா என் கையப் புடிச்சிகிட்டு அழுவுறாங்க. நான் என்னா சொல்றது?" என்று சொல்லி அவளும் அழுதாள்.

"மொதல்ல அந்தப் பேனர அவுக்கச் சொல்லு உன் தம்பிய," என்றார் பூவராகன். "திங்கக்கெழம இவ மெட்ராசுக்குக் கெளம்பட்டும்."

"போறேம்பா," என்றாள் சுவாதி. "ஆனா இப்ப நான் போயி ஒரு வருசம் ஆஸ்டல்ல உக்காந்தா, மார்க் பத்தாம மறுபடி எழுதப் போயிட்டான்னுதான் சொல்லுவாங்க. கொளஞ்சி மாமாவே சொல்லுவாரு. ஜூன்ல இங்க காலேஜ் பஸ் ஏறிட்டன்னா, பாக்கறவங்க பாத்துட்டு வேற பேச்சுக்குப் போயிடுவாங்க."

பூவராகன் ஒரு வருஷம் முழுக்கக் கொளஞ்சி கடைக்கு வந்து ஆறுதல் சொல்வதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"சேந்துக்க," என்றார். "ஆனா நண்டுக்குப் பேனர் வைக்கக் கூடாது. உன் மாமங்கிட்ட சொல்லிடு."

அவர் போனபிறகு மகேஸ்வரி மகளைத் திருப்பி நிறுத்தினாள். "ஏன்டி, ஐ.க்யூ.வ எடுக்கச் சொன்னப்பவே இது தெரியுமா ஒனக்கு?"

"பாதி தெரியும். நீ அழுவன்னுதாம்மா தெரியல," என்று சொல்லி அம்மாவின் முகத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

தங்கள் புத்தியைத் தாங்களே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டவர்களைக் கடலூர் மாவட்டத்தில் நிறையவே பார்க்கலாம். அடுத்து வரும் எண்ணை அவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு எண்ணை எந்த வாரத்தில், எந்த ஊர், எப்படிப் படிக்கும் என்று சொல்ல ஒரு பெண் வேண்டியிருந்தது. அதுவும் யாரையும் எதிர்த்துப் பேசாமல், ஒரு பொய்கூடச் சொல்லாமல். அந்த டை கட்டிய இயக்குநர் எழுந்து நின்றிருக்க வேண்டிய இடம் இதுதான்.

ஜூனில் சுவாதி பஸ் ஏறினாள். அடுத்த வாரமே பிச்சாவரத்துச் சேற்றில் முழங்கால் புதைய நின்று, வலது எத்தனை, இடது எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதைவிடச் சந்தோஷமான முகம் எந்தப் புகைப்படத்திலும் இல்லை.

தன் பேனர் கேலிக்கூத்தானதை இளவரசால் மட்டும் தாங்க முடியவில்லை. நேராக மஞ்சக்குப்பம் மாடிக்குப் போய், என்னய்யா நம்பர் கொடுத்தீங்க என்று சத்தம் போட்டார். இயக்குநர் அவரைச் சமாதானப்படுத்தி, உட்காரவைத்து, இலவசமாகவே சோதித்துப் பார்த்தார்.

இளவரசுக்கு நூற்று ஐம்பத்திரண்டு.