பிரேமாவுக்கு நியாயம்

வீடியோவைத் தளத்திலிருந்து நீக்கச் சொன்னவள் பிரேமாவேதான். இது அனந்தலக்ஷ்மியைத் தவிர அலுவலகத்தில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

கரமனையில் அனந்தலக்ஷ்மி வீட்டுப் பின்கட்டில் மகளோடு வாடகைக்கு இருப்பவள் பிரேமா. வள்ளியூர்க்காரி, ஓட்டலில் மேசை துடைக்கிற வேலை. சாப்பிட வந்த ஒருவனின் போனைக் காணோம் என்றதும், மானேஜர் அவள் பையைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் தரையில் கொட்டினான். உள்பாவாடையும் நாப்கினும் சிதறிக் கிடக்க, பயந்துபோய் அவன் காலில் விழுந்துவிட்டாள். போன் கடைசியில் அந்த மகானுடைய கார் சீட்டுக்கு அடியில் கிடந்தது. பக்கத்து மேசைக்காரர் யாரோ, நல்ல மனசுதான், எல்லாவற்றையும் படம்பிடித்து, 'இந்த அநியாயத்தைப் பாருங்கள்' என்று 'முக்கு' தளத்தில் போட்டுவிட்டார். தமிழும் மலையாளமுமாக ஊரார் வம்பளக்கிற அந்தத் தளத்தில், கூடாததைப் பார்த்து நீக்குவதுதான் அனந்தலக்ஷ்மியின் உத்தியோகம்.

"பாப்பா, அத எடுத்துருங்க. நான் கால்ல விழுந்தத எம் பொண்ணு பாத்துருவா," என்று கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள் பிரேமா.

முறைப்படி புகார் வர வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் விஷயத்தில் கை வைக்கவே கூடாது. அனந்தலக்ஷ்மி அதையெல்லாம் பார்க்கவில்லை, எடுத்துவிட்டாள்.

வந்தது வினை! 'ஓட்டல்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு அழித்துவிட்டார்கள்' என்று எவனோ கொளுத்திப் போட்டான். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. பிரேமாவுக்கு நியாயம் வேண்டும் என்று ஒரே கூப்பாடு. பிரேமாவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், அதுதான் இல்லை. முதலில் கோபித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்; அப்புறம் திட்டுவதற்கென்றே அதைவிடப் பெரிய கூட்டம் உள்ளே வந்தது. ஈயோட்டிக்கொண்டிருந்த தளம் தாங்க முடியாமல் திணறியது. திரையில் ஆள்கணக்குக் காட்டும் கோடு மேலே மேலே ஏற, முதலாளி சஜினுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அடிபொளி! இப்ப திருப்பிப் போட்டா இன்னும் கேறும். ஜனங்க கேட்டாங்க, கொடுத்தோம்னு ஒரு போஸ்டும் போடலாம். அதிருக்கட்டும், இதை யார் எடுத்தது? எந்தா காரணம்?"

அந்தப் பெண்ணே கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் புகார் எங்கே, உனக்கு அவளை எப்படித் தெரியும் என்று தோண்டுவான், சீட்டுக் கிழியும். அனந்தலக்ஷ்மி அந்த வார்த்தையை மென்று விழுங்கினாள்.

"நான்தான் சார். தப்பு நடந்துபோச்சு."

"சாரமில்ல, போகட்டும். நீயே திருப்பிப் போடு."

போட்டாள். எரிகிற வீட்டில் பிடுங்கிய மட்டும் லாபம் என்று தளம் கொழித்தது. சாயங்காலம் முதலாளி செலவில் எல்லாருக்கும் வாழைப்பழத்தைப் பொரித்த பழம்பொரி வந்தது. அவளும் ஒன்று எடுத்துத் தின்றாள். தின்றாளே, அதைச் சொல்லுங்கள்!

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது பிரேமா குழாயடியில் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லார் போனிலும் அம்மாதான் என்று, மகள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. அனந்தலக்ஷ்மி பார்க்காததுபோல் நழுவப் பார்த்தாள்.

"பாப்பா! நீங்க எடுத்தத எந்தப் பாவியோ திருப்பிப் போட்டுட்டான், பாத்தீயளா? எனக்காகச் செய்யப் போயி, உங்க வேலைக்குக் கேடு ஒண்ணும் வந்துரலையே?"

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"திருப்பிப் போட்டது நான்தான், அக்கா."

பிரேமா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்தாள்.

"சும்மா இரிங்க பாப்பா. எவன் பழியவோ ஏன் உங்க தலையில போட்டுக்கிடுதீய? உங்க மனசு எனக்குத் தெரியாதா?"

இன்னொரு தரம் சொல்ல அனந்தலக்ஷ்மிக்கு நாக்கு எழவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல் அப்படியே நின்றாள்.