கண்ணுசாமியின் இரண்டு மேடுகள்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் பக்கத்து வீடு கண்ணுசாமியுடையது. சேலத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டுதான் பஸ்ஸுக்குக் கிளம்புவார். மனைவி கமலவேணி வாசல்வரை ஓடிவந்து சரிசெய்து அனுப்புவாள். தினமும் பார்த்தேன். பார்க்காமலிருக்க என் ஜன்னல் விடாது.

1981இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அணுவைவிடச் சின்னத் துகள் ஒன்று இரண்டு மேடுகளைத் தாண்டுகிறதாம். மேடுகளை இடம் மாற்றி வைத்தால் அது வேறு மாதிரி வெளியே வருமா என்று, நாலு பங்குள்ள ஏதோ எண்களால் கணக்கு. மூன்று வருஷ உழைப்பு. திங்கட்கிழமை மாலைத் தபாலில் போகாவிட்டால் பம்பாய் மாநாட்டில் இடமில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் டைப் அடித்தார்கள். கணக்குக் குறிகள் மிஷினில் வராததால் அங்கெல்லாம் இடம் விட்டிருந்தது. அதை அவருடைய நோட்டைப் பார்த்து கமலவேணி மையில் நிரப்பினாள். முத்து முத்தான கையெழுத்து.

திங்கள் காலை அந்த வீட்டில் சத்தமே இல்லை. உறைமோர் கேட்கிற சாக்கில் போனேன். அவர் கடைசிப் பக்கத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்; எதிரில் கமலவேணி நின்றிருந்தாள்.

"மேட்டை எப்படி மாத்தி வெச்சாலும் வித்தியாசமே இல்லைன்னு வருது புள்ள. மூணு வருசமும் பூஜ்யம்."

"நாந்தானுங்க மாமா மாத்துனேன். பாதி எடத்துல ரெண்டாம் மேட்டை முன்னால எழுதி, ஒண்ணாவதைப் பின்னால வெச்சிருந்தீங்க. சட்டைப் பொத்தானாட்டம் இதுவும்னு நெனச்சேன். பெருக்கல்தானுங்களே, எப்படிப் போட்டா என்ன?"

அவர் எழுந்துபோய், துவைத்துக் காய்ந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மடிப்புக் கலையாமல் தேய்த்தார். தேய்த்ததைக் கஞ்சியில் முக்கி வெயிலில் போட்டார். அப்பளமாகச் சுருங்கிக் காய்ந்தது.

"கஞ்சி போட்டுத் தேய்க்கறதும் தேய்ச்சுட்டுக் கஞ்சி போடறதும் ஒண்ணா புள்ள? இந்த எண்ணுகளும் அப்படித்தான்."

"அதுக்கு இருக்கறதுல நல்ல சட்டையா கெடச்சுது?" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

கமலவேணி பேனாவை எடுத்தாள். "எத்தனை பக்கமுங்க திருத்தோணும்?"

"பதினாலு."

"அப்ப சோறு நீங்க ஆக்குங்க."

உலை கொதிக்குமுன்பே அரிசியைப் போட்டார்.

மூன்று மணிக்குப் பதினாலு பக்கமும் முடிந்தது. மற்றச் சட்டையெல்லாம் ஊறிக்கொண்டிருந்ததால் அந்த அப்பளத்தையே மாட்டிக்கொண்டு ஓடினார். பொத்தான் ஒன்று தள்ளியிருந்தது. அவள் வாசலில் பிடித்து நிறுத்தினாள்.

"இதையாச்சும் நான் மாத்தலாமுங்களா?"

"மாத்து" என்றார்.

நடக்கும்போது சட்டை காகிதம்போலச் சரசரத்தது. பஸ்ஸில் ஏறி, கவரை உயர்த்திக் காட்டினார். பஸ் திரும்பி மறையும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள். நானும்தான். உறைமோரை வாங்கவே மறந்துபோனேன்.